தொண்டை வலி: காய்ச்சல் விட்ட பிறகும் மருந்து எதற்கு?

"காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான், இனியும் ஆன்டிபயாட்டிக் கொடுக்கத்தான் வேண்டுமா, டாக்டர்?" மருந்து தொடங்கிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. ஓடியாடி விளையாடும் குழந்தையைப் பிடித்து மருந்து புகட்ட யாருக்கும் மனம் வராது என்பதால், கேள்வி நியாயமானதே. ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சிக்கு நாங்கள் ஆன்டிபயாட்டிக் எழுதுவதன் முக்கிய நோக்கம் காய்ச்சலைத் தணிப்பது அன்று. பெரும்பாலான குழந்தைகளுக்கு, மருந்தே இல்லாவிட்டாலும் காய்ச்சலும் வலியும் சில நாட்களில் தாமாகவே அடங்கிவிடும். நாங்கள் காக்க நினைப்பது குழந்தையின் இதயத்தை.

தொண்டையில் தங்கும் இந்தக் கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கும் நோய் எதிர்ப்பாற்றல், சில குழந்தைகளிடம் இதயத்தின் திசுக்களையும் மூட்டுகளையும் கிருமியென்றே கருதித் தாக்கிவிடுகிறது. தொண்டை வலி மறைந்து இரண்டு, மூன்று வாரங்கள் கழித்துத் தலைகாட்டும் இந்த நோயை ருமாட்டிக் காய்ச்சல் என்கிறோம். மூட்டு வலி தீர்ந்துவிடும். இதய வால்வில் விழுந்த வடு வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். தொண்டை அழற்சிக்குப் பென்சிலின் கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்பது, அமெரிக்காவின் வாரன் விமானப்படைத் தளத்தில் படைவீரர்களிடையே நடத்தப்பட்டு 1950இல் வெளியான ஆய்விலேயே தெரியவந்தது. நோய் தொடங்கிய 9 நாட்களுக்குள் மருந்தைத் தொடங்கினால் இந்தப் பாதுகாப்புக் கிடைத்துவிடுவதால், பரிசோதனை முடிவுக்காக ஓரிரு நாள் பொறுத்திருப்பதில் தவறில்லை.

அந்தப் பொறுமை தேவைப்படுவதற்குக் காரணம், குழந்தைகளின் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவதும், வைரஸிடம் ஆன்டிபயாட்டிக் எடுபடாததுமே ஆகும். மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல், கண் சிவத்தல் ஆகியவை சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் வைரஸ்தான். மாறாக, 5 முதல் 15 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் ஏறி, எச்சில் விழுங்கவே வலித்து, இருமல் இல்லாமல் கழுத்தின் முன்புறம் நெறிகட்டி, டான்சில் வீங்கி வெண்படலம் படிந்திருந்தால் ஸ்ட்ரெப் (ஸ்ட்ரெப்டோகாக்கஸ்) என்று சந்தேகிக்கிறோம். சிறுவர்களுக்கு வயிற்று வலியும் வாந்தியும்கூட வரலாம். எத்தனை அனுபவம் இருந்தாலும் தொண்டையைப் பார்த்தமட்டில் உறுதியாகச் சொல்ல முடியாது. பஞ்சுக் குச்சியால் தொண்டையில் மாதிரி எடுத்துச் செய்யும் விரைவுப் பரிசோதனையோ, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையோதான் அதைத் தெளிவாக்கும்.

ஸ்ட்ரெப் உறுதியானால் முதல் தேர்வு பென்சிலின் அல்லது அமாக்சிசிலின், 10 நாட்களுக்கு. "இதைவிடப் பவரான மருந்து எழுதுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. இத்தனை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகும் இந்தக் கிருமி பென்சிலினை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளவில்லை. அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்குக்கோ பல இடங்களில் அது கட்டுப்படுவதில்லை. பென்சிலின் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மாற்று மருந்துகள் உள்ளன. பத்து நாள் கொடுப்பது கடினம் என்று தெரிந்தால், பென்சாதீன் பென்சிலின் ஊசியை ஒரே தவணையாகப் போட்டுவிடலாம். ருமாட்டிக் காய்ச்சல் அரிதாகிவிட்ட சில நாடுகளில் குறைந்த நாள் சிகிச்சையும் ஏற்கப்படுகிறது. ஆனால் அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும், காய்ச்சல் விட்டதைப் பார்த்து வீட்டில் முடிவு செய்யக்கூடாது.

பெற்றோரின் அக்கறையின்மையால் சிகிச்சை பாதியில் நிற்பதை நான் அதிகம் கண்டதில்லை; பெரும்பாலும் புட்டியில் மருந்து தீர்ந்துவிடுவதால்தான் நிற்கிறது. குழந்தையின் எடையைக் கணக்கிட்டே அளவு எழுதப்படுவதால், பத்து நாளுக்கு ஒரு புட்டி போதாமல் போகலாம். மருந்து வாங்கும்போதே எத்தனை புட்டி தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொடியில் கொதித்து ஆறிய நீரைக் குறியிட்ட கோடு வரை ஊற்றிக் கலக்கி, ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிய பிறகே எடுக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து அடியில் தங்கி, முதல் நாட்களில் வெறும் இனிப்பு நீரே குழந்தைக்குப் போய்ச் சேரும். சமையலறைக் கரண்டி வேண்டாம். அளவுக் குவளையோ சிரிஞ்சோ பயன்படுத்துங்கள். மீந்ததை அடுத்த தொண்டை வலிக்கென்று எடுத்து வைக்கவும் வேண்டாம்.

மருந்து தொடங்கி ஒரு நாள் கடந்து, காய்ச்சலும் இல்லையென்றால் குழந்தை பள்ளிக்குப் போகலாம். வலிக்குப் பாரசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அறிகுறி இல்லாத உடன்பிறப்புகளுக்குப் பொதுவாகப் பரிசோதனை தேவையில்லை.

வாயைத் திறக்க முடியாமல் எச்சில் வழிந்தாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடுத்து வரும் வாரங்களில் வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவினாலோ, விளையாடும்போது மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கிச் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ அன்றே மருத்துவரிடம் காட்டி, சில வாரங்களுக்கு முன் தொண்டை வலி வந்திருந்ததையும் மறவாமல் சொல்லுங்கள்.