கணினி சொல்லும் ஹெச்பியும் ஏற்காடு ஏற்றமும்

சேலம் கோரிமேட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் 1200 சிசி பெட்ரோல் கார். கம்பெனி கொடுத்த கையேட்டில் 82 ஹெச்பி என்று இருக்கிறது. பொறியியல் படிக்கும் மகன் லேப்டாப்பில் ஒரு எஞ்சின் சிமுலேஷன் மென்பொருளைப் போட்டு, சைலன்சரை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு, "104 வரும்ப்பா" என்கிறானாம். "ஏற்காடு போகையில் கடைசிக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணறுகிறது. கம்ப்யூட்டரை நம்பிப் பணம் போடலாமா?" என்பது அப்பாவின் கேள்வி.

பணத்தை எடுக்கும் முன் அந்த 104 எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம்.

நான்கு வீச்சு எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பது பள்ளியில் படித்ததுதான், அதை மறுபடி சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். எஞ்சினுக்குள் பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், ஆனால் அதை எரிக்கக் காற்று வேண்டும். எத்தனை ஹெச்பி என்பதைத் தீர்மானிப்பது மூச்சுதான். கணக்கைக் கையாலேயே போடலாம். நிமிடத்துக்கு 6000 சுற்றில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சு என்றால் வினாடிக்கு 50 முறை, 1.2 லிட்டர் வீதம் 60 லிட்டர். சேலத்து மதியம் 35 டிகிரி வெயிலில் ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.1 கிராம், ஆக 66 கிராம். சிலிண்டர் முழுசாக நிரம்பாது. 90 சதவீதம் என்று வைத்தால் 59 கிராம். முழு ஆக்சிலரேட்டரில் 13 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் பெட்ரோல், அதாவது வினாடிக்கு நாலரை கிராம். ஒரு கிராம் பெட்ரோலில் 43 கிலோஜூல் இருக்கிறது. அதில் 28 சதவீதம் கிராங்க் தண்டுக்கு வந்து சேர்ந்தால் ஏறக்குறைய 55 கிலோவாட், 74 ஹெச்பி. கையேட்டில் உள்ள 82, சேலத்து வெயிலை விடச் சாந்தமான சூழலுக்குச் சொன்னது.

அப்புறம் மென்பொருள் எதற்கு? நான் சும்மா எடுத்துப் போட்ட அந்த 90 சதவீதத்துக்காக. 2000 சுற்றில் அது 80 ஆக இருக்கலாம், 4500-இல் 95 ஆகலாம். நன்றாக வடிவமைத்த பந்தய எஞ்சின்களில் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ எதுவும் இல்லாமலேயே 100-ஐத் தாண்டும். தன் கொள்ளளவை விட அதிகக் காற்றை ஒரு சிலிண்டர் எப்படி விழுங்கும்? எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சேலம் ஜங்ஷனில் சரக்கு ரயிலை ஷண்டிங் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் பின்னாலிருந்து ஒரு இடி இடித்தால் அந்த இடி டக், டக், டக் என்று வேகனுக்கு வேகன் ஓடுகிறது. ஒவ்வொரு வேகனும் நகர்வது கொஞ்சம்தான், இடிதான் கடைசி வரை போகிறது. கடைசி வேகனுக்கு முன்னால் தடுக்க யாரும் இல்லை. அது துள்ளி முன்னால் போய்த் தனக்குப் பின்னால் உள்ள கொக்கியை இழுக்கிறது. தள்ளலாகப் போனது இழுப்பாகத் திரும்பி வருகிறது.

காற்றுக்குழாயிலும் இதேதான். திறந்த முனையை அடையும் அலை குணம் மாறித் திரும்பும்: அழுத்தமாகப் போனது உறிஞ்சலாக வரும், உறிஞ்சலாகப் போனது அழுத்தமாக வரும். காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறந்து பிஸ்டன் கீழே பாயும்போது வால்வை ஒட்டி அழுத்தம் சட்டென இறங்குகிறது. அந்த இறக்கம் ஓர் அலையாகக் குழாயில் வினாடிக்கு சுமார் 350 மீட்டர் வேகத்தில் வெளியே ஓடி, திறந்த முனையில் குணம் மாறி, அழுத்த அலையாகத் திரும்புகிறது. 40 சென்டிமீட்டர் குழாயில் போய்வர 2.3 மில்லிவினாடி. 6000 சுற்றில் அந்த நேரத்துக்குள் கிராங்க் தண்டு 80 டிகிரிக்குச் சற்று மேல் திரும்பியிருக்கும். பிஸ்டன் அதிவேகமாக இறங்குவது மேல்முனையிலிருந்து 75 டிகிரி வாக்கில். ஆக அப்போது கிளம்பிய அலை, பிஸ்டன் அடிமட்டத்தை நெருங்கும்போது வாசலில் வந்து நிற்கிறது. வால்வு இன்னும் மூடவில்லை. வந்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல் காற்றை உள்ளே திணிக்கிறது, உடனே வால்வு மூடிக்கொள்கிறது. காசு செலவில்லாத டர்போ! ஆனால் 3000 சுற்றில் அதே அலை, அந்த 80-இல் பாதியான 40 டிகிரி வாக்கிலேயே வந்துவிடும். மோதித் திரும்பி மறுபடி வரும்போது உறிஞ்சலாக வரும். நேரம் தவறினால் உள்ளே போன காற்றையே வெளியே இழுக்கவும் செய்யும்.

புகைக்குழாய்ப் பக்கம் கதை தலைகீழ். அங்கே வாயு கொதிப்பதால் அலையின் வேகம் 600 மீட்டரை ஒட்டி இருக்கும். அழுத்தமாகக் கிளம்பியது உறிஞ்சலாகத் திரும்பி, இரண்டு வால்வும் சற்றே திறந்திருக்கும் அந்த நொடித்துளியில் வந்து சேர்ந்தால், எரிந்து மிஞ்சிய வாயுவைத் துடைத்து எடுத்துக்கொண்டு போகும்.

மென்பொருளின் முக்கிய வேலை இந்த அலைகளைத் துரத்துவதுதான். குழாயை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் அழுத்தம், அடர்த்தி, வேகம் மூன்றையும் எழுதிவைத்து, நேரத்தைச் சில மைக்ரோவினாடிகள், அதாவது ஓர் அடி, நகர்த்தி, மறுபடி கணக்கிடுகிறது. எத்தனை மைக்ரோவினாடி என்பதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அலை ஒரு துண்டைத் தாண்டும் நேரத்தை விட அடி பெரிதாக இருந்தால் கணக்கு வெடித்துச் சிதறிவிடும். கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற கணித அறிஞர்கள் மூவரும் இதை 1928-இலேயே சொல்லிவிட்டார்கள், இன்று நாம் சொல்லும் கணினி பிறப்பதற்கு முன்பே. 500 மீட்டர் வேகம், ஒரு சென்டிமீட்டர் துண்டு என்றால் 20 மைக்ரோவினாடிக்கு மேல் போகக்கூடாது. 6000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்கு (கிராங்க் தண்டின் இரண்டு சுற்று) ஆயிரம் அடிகள். எண்கள் நிலைபெறும் வரை இப்படிப் பல சுழற்சிகள் ஓட வேண்டும்.

மற்றதெல்லாம் சூத்திரங்கள். எரிதலுக்கு சோவியத் பொறியாளர் விபே கொடுத்த எஸ் வடிவ வளைவு, சுவர் வழியே போகும் வெப்பத்துக்கு வோஷ்னியின் சூத்திரம், உராய்வுக்கு இன்னொன்று. இவற்றின் எண்களை உண்மையான எஞ்சினில் அளந்து பொருத்தினால் விடை சில சதவீதத்துக்குள் வரும். பொருத்தாவிட்டால் மென்பொருள் தந்த இயல்பு எண்களே ஓடும். மகனுடைய 104 அங்கிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். இன்னொன்றும் இருக்கலாம். எளிய மென்பொருள்கள் அலையையே கணக்கில் எடுப்பதில்லை. குழாய் முழுவதும் ஒரே அழுத்தம் என்று வைத்துக்கொள்ளும். அவற்றில் சைலன்சரைத் தூக்கினால் தடை குறைந்தது என்று மட்டும் தெரியும், ஹெச்பி ஏறும். நிஜத்திலோ அலை திரும்பும் இடமே மாறிவிடுகிறது. சத்தம் கூடும், நடு வேகத்தில் இழுவை குறையவும் செய்யலாம். அடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காதைப் பிளந்துகொண்டு போகும் பைக் தம்பிகளுக்கு இதை யார் சொல்வது?

சரி, ஏற்காட்டுக்கு வருவோம். சேலம் கடல்மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. காற்றழுத்தம் 98 கிலோபாஸ்கலிலிருந்து 85-க்கு இறங்கும், 13 சதவீதம். ஆனால் மேலே 22 டிகிரிதான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் நான்கு சதவீதம் திரும்பக் கிடைத்துவிடுகிறது. உராய்வு மட்டும் மலைக்காகக் குறையாது. எல்லாம் சேர்த்து 12 சதவீதம் போனால் நம் 74, 65 ஆகிறது.

65 போதாதா? நாலு பேரோடு 1200 கிலோ வண்டியை அடிவாரத்திலிருந்து 1100 மீட்டர் உயரத்துக்கு 40 நிமிடத்தில் தூக்கச் சராசரியாக 7 ஹெச்பி போதும். டயர் உராய்வைச் சேர்த்தாலும் பத்தைத் தாண்டாது. திணறலுக்குக் காரணம் வேறு. மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சுற்றுவது 2000-இல்தான். அங்கே முழு ஆக்சிலரேட்டர் மிதித்தாலும் மேலே கிடைப்பது 24 ஹெச்பி வாக்கில். ஏசி மூன்று நான்கை எடுத்துக்கொள்ளும், ஏழு சதவீத ஏற்றம் 15-ஐக் கேட்கும். முன்னால் போகும் பஸ்ஸை முந்த மீதி என்ன இருக்கிறது? இரண்டாம் கியருக்கு மாற்றினால் அதே வேகத்தில் சுமார் 3000 சுற்று, 35-க்கு மேல் ஹெச்பி. பைசா செலவில்லை.

இதே ஊரில் பெட்ரோல் டியூபில் காந்தம் கட்டினால் பவர் ஏறும் என்று விற்கிறார்கள், வாங்கவும் செய்கிறார்கள். பெட்ரோல் காந்தத்தைச் சட்டை செய்யாது. அது போகட்டும், படித்தவர்கள் செய்வது அதை விட வருத்தம். பல பொறியியல் கல்லூரிகளில் லட்சக்கணக்கில் மென்பொருள் உரிமம் வாங்குவார்கள். பக்கத்து அறையில் எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனமோமீட்டர் தூசி பிடித்துக் கிடக்கும். என்னைக் கேட்டால் பணத்தை சிலிண்டருக்குள் வைக்கும் ஒரு அழுத்த உணரிக்குக் கொடுக்கலாம். மென்பொருளுக்கு வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் திறந்துவிட்ட ஓபன்வாம் இருக்கிறது. அளந்து பார்க்காத சிமுலேஷன் ஜாதகக் கட்டம் போலத்தான்; கட்டம் சுத்தமாக இருக்கும்.

மகனுக்கு ஒரு வேலை. சூழல் அழுத்தம் என்ற கட்டத்தில் 101.3 இருக்கும், அதை 85 ஆக்கி, வெப்பநிலையை 22 ஆக்கட்டும். பிறகு இன்டேக் குழாயை 40-லிருந்து 55 சென்டிமீட்டருக்கு நீட்டி ஓட்டட்டும். அலை கணக்கிடும் மென்பொருள் என்றால் காற்று நிரம்பும் சதவீதத்தில் 6000-இல் இருந்த மேடு 4400 வாக்கில் இறங்கி உட்காரும், உச்ச ஹெச்பி குறையும். எண் அசையவே இல்லை என்றால் அந்த மென்பொருளுக்கு அலை தெரியாது, அதன் 104-ஐயும் விட்டுவிடலாம்.