எல்க் மான் குறைந்தால் ஓநாய் மட்டும்தான் காரணமா?

1995, 96 ஆண்டுகளில் கனடாவிலிருந்து கொண்டுவந்த 31 ஓநாய்களை அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் விட்டார்கள். அப்போது பூங்காவின் வடக்கு மந்தையில் ஏறக்குறைய 19,000 எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான் இனம்) இருந்தன. 2013 கணக்கெடுப்பில் 4,000-கூடத் தேறவில்லை. பூங்காவை ஒட்டிய மொன்டானா மாநில வேட்டைக்காரர்கள் கொதிப்பதில் ஆச்சரியமில்லை. வனவிலங்குத் துறையில் வேலை பார்க்கும் என்னிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "எல்லாம் ஓநாயால்தானே?"

இடையில் நடந்தது நிறைய. 1996-97 குளிர்காலம் கொடூரமானது. அப்புறம் வருடக்கணக்கில் வறட்சி. கரடியும் மலைச்சிங்கமும் (பூமா) பெருகின. பிறந்து சில வாரமே ஆன குட்டிகளை அதிகம் தின்றது ஓநாய்கூட இல்லை, கரடிதான்.

மனிதர்களும் சும்மா இருக்கவில்லை. குளிருக்குப் பூங்காவை விட்டு, அதன் வடக்கு எல்லையிலுள்ள கார்டினர் ஊர்ப் பக்கம் இறங்கும் பெண் மான்களைச் சுட, ஜனவரியில் தனி வேட்டையே நடந்தது. 2005-ல்கூட ஆயிரத்துக்கும் மேல் பெர்மிட் கொடுத்தார்கள். 2006-ல் அது 100 ஆனது. பிறகு அதுவும் நின்றுபோனது.

இங்கேதான் பல் பேசுகிறது. சுட்ட மானின் கீழ்வரிசை முன்பல் ஒன்றை வாங்கி, வேரை மெலிதாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் வளையம் போல வருடத்துக்கு ஒரு கோடு தெரியும். (மேல்வரிசைத் தந்தப்பல்லை எந்த வேட்டைக்காரரும் தரமாட்டார், அது அவருடைய பரிசு.) வடக்கு மந்தையில் வேட்டைக்காரர்கள் சுட்ட பெண் மான்களின் சராசரி வயது ஆறரை. ஓநாய் கொன்றவற்றுக்குப் பதினான்கை ஒட்டி. ஆறு வயது மான் இன்னும் பல குட்டிகள் ஈனும், பதினான்கு வயதுக்காரி கிட்டத்தட்ட ஓய்ந்தவள். எனவே தலைக்குத் தலை எண்ணினால் கணக்கு தப்பும்.

காட்டில் ஒரு சடலத்தைப் பார்த்ததும் "ஓநாய் அடித்தது" என்று முடிவுகட்டவும் கூடாது. தோலை உரித்தால், கடித்த இடத்துக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஓநாய் செத்ததைத் தின்றிருக்கிறது. தொடை எலும்பை உடைத்துப் பாருங்கள். மஜ்ஜை வெண்மையாக, கெட்டியாக இருந்தால் மான் நல்ல உடம்போடு இருந்தது. சிவந்து கூழாக இருந்தால் பட்டினியில் ஏற்கெனவே பாதி செத்திருந்தது.

ஓநாய்க்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பக்கத்து மாநிலமான ஐடஹோவின் லோலோ பகுதியில் 1989-ல் சுமார் 16,000 எல்க், 2010-ல் ஏறத்தாழ 2,000. 1910-ல் எரிந்த காடு மறுபடி அடர்ந்து மேய்ச்சல் சுருங்கியதால் ஓநாய்க்கு முன்பே சரிவு தொடங்கிவிட்டது. ஆனால் மந்தை மறுபடி தலையெடுக்காததில் ஓநாய்க்குப் பெரிய பங்குண்டு.

கொள்கையைப் பொறுத்தவரை, மொன்டானா, ஐடஹோ, வயோமிங் மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 300 ஓநாய், குட்டி வளர்க்கும் 30 ஜோடி என்ற மீட்பு இலக்கு 2002-லேயே எட்டப்பட்டது. வழக்குகளில் இழுத்தடித்து, 2011-ல் அமெரிக்க நாடாளுமன்றமே தலையிட்டுத்தான் மொன்டானாவிலும் ஐடஹோவிலும் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து ஓநாயை எடுத்தார்கள். அந்த இழுபறி வேட்டைக்காரர்களின் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டது, அதில் அவர்கள் கோபம் நியாயம்தான்.

ஆனாலும் மொன்டானாவின் பல வேட்டை மாவட்டங்களில் இன்று எல்க் எண்ணிக்கை மாநிலம் வைத்த இலக்கைவிட அதிகம். வேட்டை சீசன் தொடங்கியதும் அவை வேலிபோட்ட தனியார் பண்ணைகளில் போய் நின்றுகொள்கின்றன. அங்கே வேண்டியது நில உரிமையாளரின் அனுமதி. அதைக் கோடையிலேயே போய்க் கேளுங்கள், நவம்பரில் கதவைத் தட்டினால் கிடைக்காது. உங்கள் மாவட்டத்தில் மான் நிஜமாகவே குறைந்திருந்தால், ஓநாய்க் கணக்கோடு பெண் மானுக்கு எத்தனை பெர்மிட் கொடுத்தார்கள் என்பதையும் எடுத்துப் பாருங்கள்.