மடங்காத விரலோடு நடக்க முடியுமா?

சிங்கப்பூர் ஈசூன் வாசகி ஒருவர் கேட்கிறார்: "கால் கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. இரண்டு எலும்பையும் ஒன்றாக இணைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். விரல் மடங்காவிட்டால் எப்படி நடப்பேன்?"

தேய்மானம் நாம் அறிந்ததுதான். குருத்தெலும்பு மெலிகிறது, ஓரத்தில் எலும்பு முளைக்கிறது. இங்கே முளை மூட்டின் மேல்பக்கத்தில் வருவதால், குதிகாலைத் தூக்கும்போதெல்லாம் எலும்பும் எலும்பும் இடிக்கின்றன. எம்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் உயிர் போவது அதனால்தான்.

அந்த விரலுக்கு அப்படி என்ன வேலை? வெறுங்காலோடு நில்லுங்கள். வலியில்லாத காலின் கட்டைவிரலை மட்டும் வேறொருவரைத் தூக்கச் சொல்லுங்கள். உள்ளங்கால் வளைவு தானாக எழும்! குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. விரல் மேலே வளைந்ததும் பட்டை மூட்டின் உருண்டையைச் சுற்றி இழுபடும்; குதிகாலும் முன்பாதமும் நெருங்கும். தரைக்கேற்ப நெகிழ்ந்து கிடந்த பாதம் நொடியில் விறைத்த நெம்புகோலாகி உடலை முன்னே தள்ளுகிறது. இதற்குத் தசைகூடத் தேவையில்லை. 1954இல் இதை விளக்கிய ஆய்வாளர் ஹிக்ஸ், கப்பலில் நங்கூரம் இழுக்கும் உருளையின் பெயரையே (விண்ட்லாஸ்) இதற்கு வைத்தார். உடலில் எனக்கு மிகப் பிடித்த பொறி இதுதான்.

தேய்மானம் குறைவென்றால் முளையை மட்டும் செதுக்கி எடுப்பார்கள், அசைவு மிஞ்சும். முற்றிவிட்டால் இணைப்பு. விரலைச் சற்றே மேல்நோக்கி நிறுத்தி, தகடும் திருகும் போட்டு எலும்புகளை ஒட்டவைப்பார்கள். அசைவே இல்லாத இடத்தில் உராய்வு ஏது? நிமிர்ந்த விரலின்மேல் பாதம் உருண்டு போகும், நுனி மூட்டு கொஞ்சம் ஈடுகொடுக்கும். ஆகவே, நடக்கலாம். உயரக் குதிகால் செருப்பைத்தான் மறக்க வேண்டியிருக்கும்.

வாயுப் பிடிப்பு என்று வருடக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இதமாக இருக்கலாம், ஆனால் முளைத்த எலும்பு எண்ணெயில் கரையாது.

சரி, அறுவைக்கு முன் என்ன செய்யலாம்? சிகரெட்டை விடுங்கள், எலும்பு ஒட்டுவதை அது கெடுக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். குளியலறைக்கு வழுக்காத முக்காலி ஒன்று வாங்கிவையுங்கள். வலது கால் என்றால் அறுவைக்குப் பின் பல வாரம் கார் ஓட்ட முடியாது. அறுவை நாள்வரை, வளையாத கெட்டி அடி கொண்ட காலணி இடிப்பைக் குறைக்கும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பதுதான் நம் வழக்கம். இந்த விரலுக்காக வீட்டுக்கென்றே அப்படி ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.