தொண்டை கட்டிய ஹாரன்

பேட்டரியில் நேரடியாகத் தொட்டபோது அலறிய புது ஹாரன், பைக்கில் மாட்டியதும் சளி பிடித்ததுபோல் கரகரக்கும். ஹாரனைத் திட்ட வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி ஒயர்தான்.

ஹாரனுக்குள் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று, அதன் பின்னால் செம்புக் கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ந்ததும் சுருள் காந்தமாகித் தகட்டை இழுக்கும். இழுபட்ட வேகத்தில் உள்ளே இருக்கும் பாயிண்ட் (மின்சாரத்தை இணைக்கும் தொடுமுனை) பிரிந்து மின்சாரம் அறும். தகடு பழைய இடத்துக்குத் துள்ளும். பாயிண்ட் மறுபடி சேரும். நொடிக்கு ஏறக்குறைய 400 முறை இந்த இழுபறி நடக்கிறது. நம் காதில் விழும் சத்தம் இதுதான். பின்பக்கத் திருகைக் கால் சுற்று திருப்பினாலே குரல் மாறுவது, பாயிண்ட் பிரியும் நேரம் மாறுவதால்.

சரி, ஒயருக்கு வருவோம். பைக்கோடு வரும் ஹாரனுக்கு 2, 3 ஆம்பியர் போதும். பெரிய இரட்டை ஹாரன் 8 ஆம்பியருக்கு மேல் கேட்கும். சாவி, பட்டன், மெல்லிய ஒயர் எல்லாம் சேர்ந்து 0.3 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ஆம்பியர் பாய்ந்தால் வழியிலேயே 2.4 வோல்ட் போய்விடும். 12 வோல்ட்டில் ஹாரனுக்கு மிஞ்சுவது 9.6. திறன் வோல்ட்டின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும். பட்டனின் முனைகளும் பொறி பறந்து கருகும்.

இதற்குத்தான் ரிலே: சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைத்துவிடும் காந்தச் சுவிட்ச். அதன் 85, 86 என்று எண்ணிட்ட கால்களில் பழைய ஹாரனுக்கு வந்த இரண்டு ஒயர்களையும் செருகினால், பட்டன் சுமப்பது சுமார் 0.15 ஆம்பியர் மட்டுமே. பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் 30-க்கு வரும், 87-லிருந்து ஹாரனுக்குப் போகும். ஹாரனின் மறுமுனை பேட்டரியின் நெகட்டிவ்வுக்கு. ஃப்யூஸைப் பேட்டரியை ஒட்டியே வையுங்கள். அதற்கு முன்னால் ஒயர் உரசி ஃபிரேமைத் தொட்டால் தடுக்க ஆளில்லை.

ஒரே மாதிரி இரண்டு ஹாரன் மாட்டினால் சத்தம் இரட்டிப்பாகும் என்பது தப்புக் கணக்கு. கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும்.

மாட்டிய பிறகு சத்தமே வரவில்லையா? பட்டனை அழுத்தி ரிலேயில் காது வையுங்கள். ‘டிக்’ கேட்டால் கோளாறு 30, 87 பக்கம். கேட்காவிட்டால் முதலில் பட்டன் பக்கம் தேடுங்கள்.