காலோடையோ, சில்லோடையோ?

என் மருமகன் கொழும்பில் பாவித்த றோட் பைக் ஒன்றை வாங்கி, வவுனியா வரை ரயிலில் ஏற்றிவந்து, அங்கிருந்து ஏ9 வீதியால் மாங்குளத்துக்கு ஓடியே வந்து சேர்ந்தான். மெல்லிய ரயர், வளைந்த ஹாண்டில், ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய பாரம். மக்காட் இல்லை, கரியர் இல்லை. எங்கள் பக்கத்தில் சைக்கிள் என்றால் கிட்டத்தட்ட இருபது கிலோ இரும்பு. அதன் கரியரில் ஒரு நெல் மூட்டையோ, விறகுக் கட்டோ, இரண்டு பிள்ளைகளோ இருக்கும். "இதிலை எதையடா ஏத்திறது?" என்று அக்கா கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை.

இரண்டு வாரம் குளக்கட்டிலும் கிரவல் றோட்டிலும் திரிந்தான். ஆவணி மாதத்துச் சிவப்புத் தூசி சைக்கிளை மூடியது. வாகனம் கழுவும் இடமொன்றுக்குக் கொண்டுபோய், உழவு இயந்திரத்துக்கு அடிக்கிற அதே குழாயால் அடித்துக் கழுவிக்கொண்டு வந்தான். மூன்றாம் நாள் பின்சில்லில் சத்தம் கிளம்பியது. 'கற கற' என்று, சோற்றில் கல் கடிபட்ட மாதிரி.

செயின் சுற்றும் பின்பக்கப் பல்சக்கரமான பிறீவீல்தான் என்று எனக்கு அந்த நிமிடமே நிச்சயம். செயின் பக்கம் சத்தம் கேட்டால் வேறென்ன? சைக்கிளைச் சரித்துப் படுக்க வைத்து, தையல் மெசின் எண்ணெயை அச்சோரமாகத் தாராளமாக விட்டேன். சத்தம் ஒருநாள் அடங்கியது. மறுநாள் இரட்டிப்பாக வந்தது.

சந்தியில் தகரக் கொட்டில் ஒன்றில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் ஐயாவிடம் உருட்டிக்கொண்டு போனோம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் என்பது கதையாகிப்போய் வன்னி முழுவதும் சைக்கிளில் ஓடியபோது சாவி பிடிக்கத் தொடங்கியவர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்ட நாட்கள் அவை. சில்லின் நடுவில் அச்சைச் சுற்றி இருக்கும் ஹப் கெட்ட சைக்கிளில் செய்தியை விடச் சில்லுத்தான் கூடக் கதைக்கும் என்பார். அவர் சைக்கிளைத் தொடவே இல்லை. கேட்டது ஒன்றுதான்:

"தம்பி, சத்தம் காலோடையோ வருது, சில்லோடையோ வருது?"

இந்தக் கேள்விக்குள் ஒரு பௌதிகப் பாடமே இருக்கிறது. சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று காதால் தேடுவது வீண்வேலை. காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். உருக்கிலும் அலுமினியத்திலும் 5000 மீற்றரையும் தாண்டும். சைக்கிளின் உடம்போ வெற்றுக் குழாய்களால் ஆனது. பெடலில் பிறந்த முனகல் குழாய் வழியே ஓடி, சீற்றடியிலோ பின்சில்லிலோ வெளிப்படும். இடத்தைப் பற்றிக் காது பொய் சொல்லும். எத்தனை தரம், எப்போது என்பதில் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது.

ஓடும்போது எது சுழல்கிறது, எது சும்மா இருக்கிறது என்று பார்த்தால் விளங்கிவிடும். பெடல் மிதிக்கும்போது செயின் பிறீவீலை இழுக்கிறது. பிறீவீலுக்குள் இருக்கும் சிறு நாக்குகள் பற்களில் கொளுவி ஹப்பையும் கூட்டிக்கொண்டு போகின்றன. அப்போது பிறீவீலின் வெளிப்பகுதியும் உள்பகுதியும் ஒன்றாகவே சுற்றுகின்றன. அதற்குள் எதுவும் எதனோடும் உரசுவதில்லை. காலை நிறுத்தி மிதக்க விட்டால் கதை மாறுகிறது. வெளிப்பகுதி நிற்கிறது, உள்பகுதி சில்லோடு ஓடுகிறது, நாக்குகள் பற்களில் ஏறி ஏறி விழுகின்றன. 'டிக் டிக் டிக்' என்பது அந்த விழுகைதான். அது நோயல்ல. அந்த 'டிக்' திடீரென்று இல்லாமல் போனால்தான் பயப்பட வேண்டும்: நாக்கு ஒட்டிக்கொண்டு விட்டது, அடுத்த மிதியில் கால் வழுக்கும்.

ஆனால் ஹப்புக்குள் அச்சைச் சுற்றி உருளும் சிறு உருக்குக் குண்டுகளுக்கு, மிதிப்பதும் மிதப்பதும் ஒன்றுதான். சில்லு சுற்றும் மட்டும் அவையும் உருள வேண்டும்.

ஆகவே மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பெடல், பெடல் அச்சு, செயின் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அல்லது பாரம் ஏறும்போது ஒன்றோடொன்று உரசும் சில்லுக் கம்பிகளை. கம்பிகள் குறுக்கே கடக்கும் இடங்களில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம். மிதக்கும்போது மட்டும் வந்தால் பிறீவீல். இரண்டிலும் வந்து, வேகத்தோடு கூடிக் குறைந்தால் ஹப். பழைய சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று வைத்தால், பெடல் ஒருமுறை சுற்றச் சில்லு ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றும். ஆகவே காலின் தாளமும் சில்லின் தாளமும் ஒருநாளும் ஒன்றாக இராது. பிரித்துக் கேட்கப் பெரிய சங்கீத ஞானம் தேவையில்லை.

சோதித்துப் பார்க்க ஓர் இறக்கம் வேண்டும். வன்னியில் இறக்கம் தேடுவது லேசான காரியமா? குளக்கட்டிலிருந்து வயலுக்கு இறங்கும் சரிவுதான் கைகொடுத்தது. மருமகன் மேலிருந்து காலை ஆட்டாமல் இறங்கி வந்தான். கற கற குறையவில்லை. மிதித்துக்கொண்டு வந்தான். அப்போதும் அதேதான். பிறீவீல் மீது நான் போட்ட பழி அந்த இடத்தோடு கழன்றது.

அதற்குப் பிறகு ஐயா செய்தது எனக்குப் புதிது. சில்லைக் கழற்றி, அச்சின் இரு முனைகளையும் விரல்களால் பிடித்து, ரயரில் ஒரு சோக்குக் கோடு போட்டு, என்னை மெதுவாகச் சுற்றச் சொன்னார். அச்சு வழியே விரலில் தட்டும் 'நொடுக்'குகளை எண்ணினார். ஒரு சுற்றுக்கு ஐந்து. அடுத்த சுற்றுக்கு ஆறு. திரும்ப ஐந்து. "வலப்பக்கக் கோன்," என்றார். சில்லு இன்னும் திறக்கப்படவில்லை.

முல்லைத்தீவுக் கரையில் வள்ளத்தைக் குற்றிகளின்மேல் உருட்டி ஏற்றுவதைப் பார்த்திருந்தால் இந்தக் கணக்குப் பிடிபடும். வள்ளம் பத்தடி நகர்ந்தால் அடியில் கிடக்கும் குற்றி ஐந்தடிதான் நகர்ந்திருக்கும். அதனால்தான் பின்னால் விடுபட்ட குற்றியைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு ஓடவேண்டி இருக்கிறது. ஹப்பிலும் இதுவே. நடுவில் அச்சோடு பூட்டிய, குண்டுகள் உருளும் அசையாத கோன், அதாவது நிலம். வெளியே சில்லோடு சுற்றும் கப், அதாவது வள்ளம். இடையில் குண்டுகள். கப் ஒரு சுற்றுப் போனால் குண்டுகளின் வட்டம் அரைச் சுற்றுப் போகும். ஆனால் இங்கே நிலமும் வள்ளமும் வளைந்தவை, கப் கோனை விடப் பெரியது. ஆகவே அரையை விடச் சற்றுக் கூடும், கிட்டத்தட்ட 0.6 சுற்று. பின் ஹப்பில் வழக்கமாகப் பக்கத்துக்கு 9 குண்டுகள், ஒவ்வொன்றும் கால் அங்குலம். அசையாத கோனில் ஒரு குழி இருந்தால், சில்லின் ஒரு சுற்றில் அதைக் கடக்கும் குண்டுகள் 9 × 0.6, அதாவது 5.4. அதுதான் ஐந்தும் ஆறும் மாறி மாறி வந்தது. குழி கப்பில் இருந்தால் மீதி 3.6 தட்டு. சுற்றுக்குச் சரியாக ஒரு தட்டு என்றால் அது குண்டே அல்ல. ரிம்மின் ஒட்டு, வீங்கிய ரயர், காற்றடிக்கும் வால்கட்டை என்று வெளியே தேட வேண்டும்.

ஐயாவுக்கு 0.6 என்ற எண் தெரியாது. "கோன் எண்டால் அஞ்சாறு, கப் எண்டால் மூண்டு நாலு" என்பது மட்டும் கைப்பாடம். அதுவே போதுமாக இருந்தது.

கோன்தான் முதலில் சாகும் என்பதற்கும் காரணம் உண்டு. ஆளின் பாரத்தில் பாதிக்கு மேல் பின்சில்லுக்குத்தான். அது அச்சு வழியே கோனின் அடிப்பக்கத்தில் இறங்குகிறது. கப் சுற்றுவதால் அடியைப் பகிர்ந்து வாங்குகிறது. கோன் அசையாமல் இருப்பதால் ஒரே கன்னத்தில் லட்சக்கணக்கான அறை வாங்குகிறது. குண்டு கோனைத் தொடும் இடமோ கடுகளவு கூட வராது. இரண்டு வளைந்த பரப்புகள் அழுந்தும்போது தொடுமிடம் எவ்வளவு, அங்கே அழுத்தம் எவ்வளவு என்று 1881இல் கணித்துக் காட்டியவர் ஹைன்றிச் ஹேர்ட்ஸ். வானொலி அலைகளுக்குப் பெயர்போன அதே ஹேர்ட்ஸ்தான். அந்த அழுத்தம் வெறும் மேற்பரப்போடு நிற்பதில்லை. உலோகம் தோலுக்குச் சற்று உள்ளேதான் முதலில் களைத்துப்போகிறது. அங்கே நுண்ணிய வெடிப்பு உருவாகி மேலே வர, ஒரு செதிள் பிய்ந்து விழும். விழுந்த செதிளைக் குண்டுகள் அரைக்கும். அதற்குப் பிறகு சேதம் தானாகவே வளரும்.

இது பல ஆயிரம் கிலோமீற்றர் ஓடி வரவேண்டிய முதுமை. அதை மூன்று நாளில் கொண்டுவந்தது குழாய்த் தண்ணீர். ஹப்பின் ஓரத்தில் இருக்கும் றப்பர் உதடு மழைக்கும் தெறிக்கும் சேற்றுக்கும் தாக்குப்பிடிக்கும். நேரே பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தடுக்காது. தண்ணீர் தனியாகவும் போகவில்லை, வெளியே ஒட்டியிருந்த கிரவல் தூசியையும் கூட்டிக்கொண்டு போனது. அதிலுள்ள குவார்ட்ஸ் துணிக்கை, கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 7. கடினப்படுத்திய உருக்கையே கீறும். மிச்சத்தை நான் செய்தேன். கிறீஸ் என்பது எண்ணெயைக் கடற்பஞ்சு போலப் பிடித்து வைத்திருக்கும் ஒருவகைச் சவர்க்காரம். அதன்மேல் மெல்லிய எண்ணெயை ஊற்றினால் கரைந்து வழிந்துவிடும். ஒருநாள் வழுவழுப்பு, அதன்பின் உருக்கோடு உருக்கு. தடைக் காலத்தில் கிறீஸ் கிடைக்காமல் தேங்காயெண்ணெய் விட்டு ஓடியவர்கள் கண்டதும் இதே ஒருவாரச் சுகம்தான்.

திறந்தோம். கோனை அசையாமல் பிடிக்கும் இடப்பக்கத்து லொக் நட்டைக் கழற்ற மெல்லிய கோன் சாவி வேண்டும், சாதாரணச் சாவி இடுக்கில் நுழையாது. ஐயாவின் கோன் சாவி, பழைய சாவியொன்றை அராவி மெலிதாக்கியது. அச்சை வலப்பக்கத்தால் உருவும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தார். குண்டுகள் பால் தேத்தண்ணி நிறத்துக் குழம்போடு வந்து விழுந்தன. தண்ணீர் கலந்த கிறீஸுக்கு அதுதான் நிறம். பால்மாப் பேணியில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி வெயிலில் பிடித்தபோது, இடப்பக்கத்து ஒன்பதும் கண்ணாடியாக மின்னின. வலப்பக்கத்து ஒன்பதும் சாம்பல் மங்கல். கோனில் உளுந்தின் கால்வாசி அளவில் ஒரு பள்ளம். நகத்தால் வருடினால் நகம் தடக்கியது. கப்பில் ஒன்றும் இல்லை. நல்ல காலம், ஏனென்றால் கோனை மாற்றலாம். கப் கெட்டால் ஹப்பையே மாற்றுவது போலத்தான்.

மின்னிய ஒன்பதை அப்படியே போட்டால் என்ன என்று நான் கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, அதுவே சரி. மின்னினாலும் அவை ஓடித் தேய்ந்தவை; ஒரு பக்கத்தில் குண்டுகள் ஒரே அளவாக இல்லாவிட்டால், மயிரிழை பெரிய குண்டு மற்றவற்றின் பாரத்தையும் தானே தாங்கி, முதலில் தானும் உடைந்து கோனையும் உடைக்கும். குண்டுகள் எல்லாம் ஒரே அளவாக இருப்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர். சைக்கிளுக்கான குண்டுத் தாங்கிக்கு 1869இலேயே பிரான்ஸில் காப்புரிமை எடுத்தாயிற்று. ஆனால் அது ஊரெல்லாம் பரவ, 1883இல் ஜேர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் பிரீட்றிச் பிஷர் குண்டுகளை ஒரே அளவாக அராவும் இயந்திரம் செய்யவேண்டி இருந்தது. இன்று பெட்டியில் வரும் குண்டு கோனை விட மலிவு. பதினெட்டையும் மாற்றினோம்.

கப் நிறையக் கிறீஸ் அப்பி, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்ட வைத்தார். ஒன்பது போட்டபின் இன்னொன்றுக்கு இடமிருப்பது போலத் தெரியும். அந்த ஆசைக்கு இணங்கக் கூடாது. குண்டுகள் ஒன்றையொன்று நெரிக்காமல் உருள அந்த இடைவெளி வேண்டும்.

கடைசி வேலையில் ஐயாவே முதற்தரம் தடுமாறினார். எங்கள் சைக்கிள்களில் கோனை ஆட்டம் இல்லாமலும் இறுக்கம் இல்லாமலும் வைத்தால் முடிந்தது. இதில் அச்சு பொள்ளல். அதற்குள்ளால் போகும் கம்பியின் நெம்பை மடித்தால், சில்லு சட்டத்தில் பூட்டப்படும்போது அச்சும் மயிரளவு சுருங்கும். கழற்றிய நிலையில் கச்சிதமாக இருந்தது, பூட்டியதும் இறுகிவிட்டது. திரும்பக் கழற்றி, இந்த முறை வேண்டுமென்றே சிறிது ஆட்டம் விட்டார். பூட்டியதும் அந்த ஆட்டம் மறைந்தது. ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார், அசைவில்லை. வால்கட்டையைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை விட்டார். அதன் பாரத்துக்கே சில்லு தானாக இறங்கி, ஊஞ்சல் மாதிரி ஆடி ஓய்ந்தது.

நெல் மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பாணிப் பிறீவீல் ஹப்பின்மேல் திருகிப் பூட்டுவது. அதனால் வலப்பக்கத்துக் குண்டுகள் சட்டத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும். அச்சின் அந்த நீட்டம் தாங்கலின்றிப் பாரம் சுமக்கும். காலபோக அறுவடை முடிய வலப்பக்கத்து அச்சு வளைந்து கடைக்கு வருவதெல்லாம் இதனால்தான். அச்சு வளைந்தால் கோனை எப்படி வைத்தாலும் ஒரு பாதி இறுகும், மறுபாதி ஆடும். நேராக்க மினக்கெட வேண்டாம், அச்சை மாற்றுங்கள். 1978இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் கொண்டுவந்த ஹப்பில் பிறீவீலும் ஹப்பும் ஒன்றாகி, அந்தக் குண்டுகள் வெளி ஓரத்துக்கு நகர்ந்தன. மருமகனின் ஹப் அந்த வம்சம். அக்காவின் சைக்கிள் அல்ல.

பழைய குண்டுகளைப் பக்கத்துக் கடைப் பெடியன் கெற்றப்போலுக்குக் கேட்டான். ஐயா பேணியைச் சரித்து எண்ணி, பதினெட்டும் இருக்கிறது என்று கண்ட பிறகுதான் கொடுத்தார். பதினேழு என்றால் சில்லைத் திரும்பத் திறக்க வேண்டும்.