வேலூர் வெயிலில் சிலிர்க்கும் கை

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியறையில் மே மாதம் பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை. அன்றைக்கு வெயில் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஜன்னலைப் போர்வையால் மூடி, சுவரில் புரொஜெக்டர் வெளிச்சத்தைப் பாய்ச்சி, என் அக்கா பையனும் அவனுடைய கூட்டாளிகள் ஐந்து பேரும் ஹெவி மெட்டல் என்ற அதிரடி ராக் இசையின் கச்சேரிப் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அயர்ன் மெய்டன் குழுவைப் பற்றி 2009-இல் வந்த ‘ஃபிளைட் 666’. பாடகர் புரூஸ் டிக்கின்சன் தானே போயிங் 757 விமானத்தை ஓட்டிக்கொண்டு, குழுவையும் கருவிகளையும் ஊர் ஊராகக் கொண்டுபோன உலகப் பயணத்தின் படம். அந்தப் பயணத்தின் முதல் கச்சேரி 2008 பிப்ரவரி 1 அன்று மும்பையில் நடந்தது என்பதில் இந்தப் பையன்களுக்குத் தனிப் பெருமை.

ஒரு பாட்டின் நடுவில் டிரம் நின்றது. மேடை அமைதியானது. அடுத்து என்ன வரும் என்று பையன்கள் ஆறு பேருக்கும் தெரியும்.

“மாமா, கையப் பாருங்க.”

பார்த்தேன். அக்கா பையனின் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது, கழுத்தில் வியர்வை வழிகிறது, ஆனால் முன்கையில் ஒவ்வொரு முடியும் நட்டுக்கொண்டு நிற்கிறது. முடியின் அடியில் சின்னச் சின்னப் புடைப்புகள். மார்கழிக் காலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் வருமே, அதே புல்லரிப்பு. குளிருக்கு வரவேண்டியது வேலூர் வெயிலில் எப்படி வந்தது? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முடி நிற்பது ஒரு தசையின் வேலை. ஒவ்வொரு முடியின் வேரோடும் ஒரு மிகச் சிறிய தசை ஒட்டியிருக்கிறது. அது சுருங்கினால் முடி நிமிரும், சுற்றியுள்ள தோல் புடைக்கும். அதை நாம் நினைத்துச் சுருக்க முடியாது. ஆபத்து வந்தால் இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் பரிவு நரம்பு மண்டலம்தான் இதற்கும் கட்டளை போடுகிறது. நாயைப் பார்த்துப் பூனை உடம்பைச் சிலிர்த்துப் பெரிதாகக் காட்டுவதும், குளிரில் மயிரை நிமிர்த்திக் காற்றைச் சிறைபிடிப்பதும் இதே ஏற்பாடுதான். நம் உடம்பில் மயிர் மெலிந்து பயன் குறைந்துவிட்டது. தசையும் நரம்பும் மட்டும் பழைய வேலையை மறக்கவில்லை.

சரி, பாட்டுக்கு ஏன்? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வேலரி சாலிம்பூரும் அவருடைய சகாக்களும் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தங்களுக்கு நிச்சயமாகப் புல்லரிப்பு தரும் இசையை அவரவரே கொண்டுவரச் சொல்லி, கேட்கும்போது மூளையைப் படம் பிடித்தார்கள். டோபமின் என்ற வேதிப்பொருள் இரண்டு இடங்களில் சுரந்தது. உச்சக்கட்டம் வந்தபோது ஓரிடத்தில்; உச்சக்கட்டம் வருவதற்குச் சில நொடிகள் முன்பே, ‘இதோ வரப்போகுது’ என்று காத்திருந்த வேளையில், வேறோர் இடத்தில். பசியும் சாப்பாடும் கிளப்பிவிடும் அதே அமைப்புதான். வயிற்றை நிரப்பாத, கையில் பிடிக்க முடியாத ஒன்றுக்காக அது விழித்துக்கொள்வது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கவனியுங்கள், டிரம் நின்றபோதுதான் பையனின் முடி நின்றது. திரும்ப அடித்தபோது அல்ல. அவன் அந்தப் பாட்டை நூறு முறை கேட்டவன். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதே சத்தத்தைத்தான் கேட்டேன். என் கையில் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அந்த அமைதி வெறும் அமைதி. அவனுக்கு அது வரப்போகும் இடியின் முதல் பாதி. கச்சேரிப் படம் பாதிதான் கொடுக்கிறது, மீதியை ரசிகனின் உடம்பு தன் நினைவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறது என்று அப்போது தோன்றியது.

அந்தப் பாதியிலும் சரக்கு நிறைய இருக்கிறது. மெட்டல் கிட்டாரின் கரகரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசிக்கடையில் படியில் குவியலாக அள்ளி, மேலே கையால் வழித்துத் தலைதட்டி அளப்பார்கள் அல்லவா? அதைத்தான் ஆம்ப்ளிஃபயர் ஒலியலைக்குச் செய்கிறது. கிட்டார் தந்தியின் அதிர்வைத் தாங்க முடியாத அளவுக்குப் பெருக்கினால், அலையின் குவிந்த முகடு அது தாங்கும் எல்லையில் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். வளைவாக இருந்த அலை சதுரமாகத் தொடங்கும்போது, மூலத்தில் இல்லாத மேல்சுரங்கள் கூட்டமாகப் பிறக்கின்றன. டிஸ்டார்ஷன் என்பது இதுதான்.

மேலே மட்டும் அல்ல, கீழேயும் பிறக்கின்றன. இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். மெட்டல் கிட்டார்க்காரர்கள் ஓயாமல் வாசிப்பது பவர் கார்டு, அதாவது ச-வும் ப-வும் சேர்ந்த இரட்டை. கிட்டாரின் மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. அதன் ப கிட்டத்தட்ட 123 முறை. இரண்டையும் ஒன்றாகத் தலைதட்டினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு, தானாகவே முளைக்கிறது. யாரும் வாசிக்காத சுரம்! அடித்தந்திக்கு ஒரு ஸ்தாயி கீழே, பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி எழுப்பும் அதே சுரம். இரண்டு விரலால் வாசித்த ஒலி மலை சரிவதுபோல் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தம்புராவிலும் பஞ்சமத்தந்தியும் சட்ஜமத் தந்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை நினைத்துக்கொண்டால், இந்த இரட்டை நம் காதுக்கு அந்நியம் இல்லை என்பது புரியும்.

அந்த 41 ஹெர்ட்ஸ் செல்போன் ஸ்பீக்கரில் வரவே வராது. நகத்தளவு தகட்டால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. ஆனாலும் போனில் கேட்கும்போது நமக்குக் கனத்த சுரம் அடியோடு காணாமல் போய்விடுவதில்லை. மேல்சுரங்களின் இடைவெளியைக் கணக்குப்போட்டு, ‘இதற்கு அடியில் இன்ன சுரம் இருக்க வேண்டும்’ என்று மூளையே நிரப்பிக்கொள்கிறது. கேட்கும் காரியம் நடந்துவிடும். நெஞ்சுக்கூட்டில் அடிக்கும் காரியம் நடக்காது.

இதைச் சோதித்துப் பார்க்க, பையன்கள் கவனிக்காதபோது, தாழ்ந்த ஒலிக்கென்றே வைத்திருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபரின் ஒயரை மெல்லப் பிடுங்கினேன். ஐந்து நொடி ஆகவில்லை. “மாமா! என்ன பண்ணீங்க?” என்று ஆறு தலையும் திரும்பியது. பாட்டு, குரல், படம் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் அதுவரை தரையில் தட்டிக்கொண்டிருந்த கால்கள் நின்றுபோயிருந்தன. திரும்பச் சொருகியதும் கீழே சமையலறையில் சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. அம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தார்: “மேல என்னடா, பம்பை கட்டி அடிக்கிறீங்களா?”

திருவிழா மேளமான பம்பையை அம்மா தற்செயலாகச் சொன்னாலும் சரியாகவே சொன்னார். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கென்றே கட்டிய ஓர் அரங்கம் இருக்கிறது. அங்கே ஒரு மின்னிசைக் கச்சேரியின்போது, காதுக்குத் தனியாகப் புலப்படாத மிகத் தாழ்ந்த ஒலியைச் சொல்லாமல் கொள்ளாமல் அவ்வப்போது திறந்தும் மூடியும் பார்த்தார்கள். அது ஓடிய நிமிடங்களில் மக்கள் சராசரியாக 11.8 சதவீதம் கூடுதலாக அசைந்தார்கள். 2022-இல் வெளிவந்த முடிவு இது. தாழ்ந்த அதிர்வை உள்காதில் உள்ள சமநிலை உறுப்பும், தோலிலும் தசையிலும் உள்ள தொடு உணர்வும் வாங்கிக்கொள்கின்றன. அவை அசைவோடு நேரடித் தொடர்பு உள்ளவை. பம்பைக்காரர் தெருமுனையில் வரும்போதே வீட்டுக்குள் இருப்பவர்களின் கால் துடிப்பதற்கும் இந்த வழி உதவும் என்று நினைக்கிறேன்.

அதே அரங்கத்தில் நடந்த இன்னொரு ஆய்வு நம் கச்சேரிப் படத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு கூட்டத்துக்குப் பாடகர் நேரில் பாடினார். வேறொரு கூட்டத்துக்கு அதே அரங்கத்தில் அதே பாட்டுகளின் பதிவைப் போட்டார்கள். எல்லோருடைய தலையசைவையும் கேமராக்கள் அளந்தன. நேரில் கேட்டவர்களின் தலை வேகமாக அசைந்தது. ரசிகர்களின் தலை, சும்மா கேட்க வந்தவர்களின் தலையைவிட வேகமாக அசைந்தது. மேடையில் ஆள் இருப்பது ஒரு பலம், ரசிகனாக இருப்பது ஒரு பலம். படத்தில் முதல் பலம் இல்லை. அதை ஈடுகட்டத்தான் படமெடுப்பவர்கள் பாடுபடுகிறார்கள்.

கருவிகளுக்கு மட்டும் அல்ல, கூட்டத்துக்கும் தனியாக மைக் வைப்பார்கள். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகிறது. அதனால் 34 மீட்டர் தள்ளி நிற்கும் மைக்குக்கு மேடை ஒலி பத்தில் ஒரு நொடி தாமதமாகப் போய்ச்சேரும். காதுக்கு அது தெளிவாகத் தெரிகிற பிசிறு. பிறகு மேசையில் உட்கார்ந்து, இந்தத் தாமதங்களைச் சரிசெய்து, கூட்டத்தின் ஆரவாரத்தைப் பின்பக்க ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். அப்புறம் நமக்குக் கிடைப்பது மைதானத்தில் யாருக்குமே கிடைக்காத இடம்: கண்ணுக்கு முன்னால் கிட்டார்க்காரரின் விரல், முதுகுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தொண்டைகள்.

நடுநடுவே கேமரா ரசிகர் முகத்துக்குத் திரும்புகிறது. அது வெறும் அலங்காரம் இல்லை. இன்னொருவர் முகத்தைப் பார்க்கும்போது நம் முகத்தசைகளும் நமக்கே தெரியாமல் அதே பக்கம் லேசாக இழுபடுகின்றன. தோலில் மின்முனை ஒட்டி இதை அளந்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் கொலம்பியாவின் பொகோட்டா நகரக் கச்சேரி முடிந்ததும் ஒரு ரசிகர் வருகிறார். டிரம் வாசிக்கும் நிக்கோ மெக்பிரைனின் குச்சி அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. கத்தவில்லை, குதிக்கவில்லை. குச்சியைப் பிடித்துக்கொண்டு அழுகிறார், அவ்வளவுதான். எங்கள் அறையில் அதுவரை தொண்டை கிழியக் கூடப் பாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். இசைக்குப் புல்லரிப்பதும் இசைக்கு அழுவதும் உடம்பில் ஒன்று அல்ல என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017-இல் எழுதினார்கள். புல்லரிப்பு உடம்பைக் கிளப்பிவிடுகிறது. கண்ணீர் மூச்சை நிதானப்படுத்தி அடக்கிவைக்கிறது. அந்த ரசிகரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு வேறு சான்று வேண்டியிருக்காது.

மேடைக்கு முன்னால் ஒருவரை ஒருவர் முட்டி மோதிச் சுழலும் கூட்டத்தைப் பார்த்து அம்மா பயந்துபோனார். மோஷ் பிட் என்று அதற்குப் பெயர். கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் கச்சேரி வீடியோக்களைக் கணினியில் அலசி 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முட்டிமோதும் ஆட்களின் வேகங்களைக் கணக்கெடுத்தால், அடைத்துவைத்த வாயுவில் மூலக்கூறுகள் எந்த விகிதத்தில் வேகங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றனவோ அதே விகிதம் வந்தது. சில வேளைகளில் அதே கூட்டம் வட்டமாக ஓடத் தொடங்கிவிடும். அப்படி ஓடியவற்றில் 95 சதவீதம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடின. கோயிலை வலம் வந்தே பழகிய நமக்கு அது தலைகீழ்ச் சுற்று. முட்டிக்கொள்கிறவர்கள் கோபத்தில் இருக்கிறார்கள் என்று அம்மாவைப் போலவே நானும் நினைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2015-இல் மெட்டல் ரசிகர்களுக்கு வேண்டுமென்றே கோபமூட்டி, பிறகு அவர்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்கவிட்டார்கள். கோபம் கூடவில்லை, இறங்கியது.

ஒன்றை மட்டும் பையன்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணிநேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணிநேரம்தான் தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகிறது. உள்காதில் ஒலியை உணரும் மயிர்செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. படம் முடிந்து காதில் ‘கொய்ய்’ என்று கேட்டால் அது எச்சரிக்கை மணி. சப்வூஃபரை வைத்துக்கொள்ளுங்கள், மற்ற ஸ்பீக்கர்களைக் குறையுங்கள். உடம்பைத் தட்டுவது அடியிலுள்ள ஒலி, காதைக் கெடுப்பதில் முன்னால் நிற்பது மேலுள்ள ஒலி.

அடுத்த வாரம் வைகாசி முதல் தேதி. அம்மாவுக்குப் பிறந்த ஊர் குடியாத்தம், அம்மன் சிரசை ஊர்வலமாக எடுத்துவரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை விடமாட்டார். பையனையும் கூட்டிக்கொண்டு போனோம். கவுண்டன்ய ஆற்றங்கரைக் கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. அம்மன் சிரசு இன்னும் கண்ணில் படவில்லை, தூரத்தில் பம்பையும் உடுக்கையும் கேட்டுக்கொண்டிருந்தன. திடீரென்று ஒரு கணம் அடி நின்றது. நானும் பையனும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா எதையும் எட்டிப் பார்க்கவில்லை, கண்ணை மூடி நின்றார்.

பையன் என் தோளைத் தொட்டான். “மாமா, ஆயா கையப் பாருங்க.”