எண்ணெய்ச் சட்டிக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவே: நிமிடத்துக்கு ஆறு மூச்சு

"தீபாவளி வந்தாலே வீட்டில் பதினைந்து பேர், அடுப்பில் எண்ணெய்ச் சட்டி, வாசலில் வெடி. படபடப்பு வரும்போது 'மூச்சை நல்லா இழுத்து விடு' என்கிறார்கள். இழுத்து விட்டால் தலைதான் சுற்றுகிறது. இதில் அறிவியல் இருக்கிறதா, வெறும் ஆறுதல் பேச்சா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அறிவியல் இருக்கிறது. தலை சுற்றுவதற்கான காரணமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் ஒரு சோதனை. நிமிர்ந்து உட்கார்ந்து, இடது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக, வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து நாடி பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள்: துடிப்புகள் நெருங்கி வரும். மெதுவாக விடுங்கள்: துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி நீளும். இது கோளாறு அல்ல, நல்ல இதயத்தின் இயல்பு. ஜெர்மன் உடலியலாளர் கார்ல் லுட்விக் 1847-லேயே இதைப் பதிவு செய்துவிட்டார்.

இதயத்தைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஓய்வாக இருக்கும்போது நாடி 70 காட்டுவதற்குக் காரணம், மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு கடிவாளத்தைப் பிடித்திருப்பதுதான். மூச்சை இழுக்கும்போது முகுளம் அந்தக் கடிவாளத்தைச் சற்றுத் தளர்த்துகிறது, விடும்போது இறுக்குகிறது. வேகஸின் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின். அடுத்த ஓரிரு துடிப்புக்குள் வேலையைக் காட்டும், வந்த வேகத்தில் சிதைந்தும் போகும். பரபரப்பின் வேதிப்பொருளான நார்அட்ரினலின் ஏறவும் இறங்கவும் பல விநாடிகள் ஆகும். ஒவ்வொரு மூச்சையும் பின்தொடர வேகஸால்தான் முடியும்.

இது வேதிப்பொருளின் வேலை என்று காட்டியவர் மருந்தியலாளர் ஆட்டோ லோவி. ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி வேகத்தைக் குறைத்தார். அந்த இதயம் ஊறிய உப்புக் கரைசலை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாயிற்று! 1921-ல் வெளியான இந்தச் சோதனை, ஈஸ்டருக்கு முந்தைய இரவில் கனவில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1936-ல் பிரிட்டன் உடலியலாளர் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இனி, தலைப்பில் சொன்ன 'நிமிடத்துக்கு ஆறு மூச்சு' எங்கிருந்து வருகிறது? கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்த உணரிகள் இருக்கின்றன. ரத்த அழுத்தம் ஏறினால் தமனிச் சுவர் விரியும், உணரிகள் முகுளத்துக்குச் செய்தி அனுப்பும், இதயம் மெதுவாகும், ரத்தக் குழாய்கள் தளரும், அழுத்தம் இறங்கும். இறங்கினால் எல்லாம் தலைகீழ். இந்தத் திருத்தம் உடனே நடந்து முடிவதில்லை, ஐந்து விநாடி போலத் தாமதமாகிறது. ஏற ஐந்து, இறங்க ஐந்து, ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி. ஆகவே ரத்த அழுத்தம் எப்போதுமே பத்து விநாடிக்கு ஒருமுறை லேசாக ஆடிக்கொண்டிருக்கும் ஓர் ஊஞ்சல்.

ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே உயரப் போகும். பத்து விநாடிக்கு ஒன்று, அதாவது நிமிடத்துக்கு ஆறு என்று மூச்சுவிடும்போது நடப்பது அதுதான். மூச்சை விடும் நேரமும், உணரிகள் இதயத்தை அடக்கும் நேரமும் ஒன்றாக வந்து விழுகின்றன. ஒரே கடிவாளத்தை இரண்டு கைகள் சேர்ந்து இழுக்கின்றன. நிமிடத்துக்கு 12, 15 என்று மூச்சுவிடும்போது இந்தப் பொருத்தம் அமைவதில்லை.

இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழு 2001-ல், லத்தீன் ஜெபமாலையையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரத்தையும் ஓதச் செய்து அளந்தது. இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறை ஒட்டி வந்து நின்றது. பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, ரேசகம் (விடுவது) 32 மாத்திரை (கண்ணிமைக்கும் நேரம்) என்ற நம் பழைய யோகக் கணக்கிலும் விடுவது இழுப்பதைப் போல இரு மடங்கு. (அந்தக் கும்பகத்தைத் தானாக முயல வேண்டாம்.) மனத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? 2017-ல் எலிகளின் மூளையில், மூச்சின் தாளத்தை விழிப்பு மையத்துக்குச் சொல்லும் ஒரு சிறு செல் கூட்டத்தைக் கண்டார்கள். அதை நீக்கியபோது எலிகள் வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிட்டன.

செய்முறை எளிது. முதுகு சாய்ந்து உட்காருங்கள், ஒரு கை வயிற்றில். மூக்கால் 4 விநாடி இழுத்து, 6 விநாடி விடுங்கள். நடுவில் அடக்க வேண்டாம். 30 மூச்சு, 5 நிமிடம். வயிறு எழுந்து தாழ வேண்டும், தோள் ஏறக் கூடாது. வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே செய்தால் நுரையீரலுக்குக் கீழுள்ள உதரவிதானத் தசை இறங்க இடமிருக்காது.

தவறு நடப்பது அளவில். வழக்கமாக மூச்சுக்கு 500 மில்லி காற்று, நிமிடத்துக்கு 12 மூச்சு. ஒவ்வொன்றிலும் 150 மில்லி மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடும், காற்றறைகளுக்குப் போவது 350. நிமிடத்துக்கு 4,200 மில்லி. ஆறே மூச்சில் இதே 4,200 வர வேண்டுமென்றால் மூச்சுக்கு 700, குழாய்க்கு 150, ஆக 850 மில்லி போதும். 'நல்லா இழு' என்றதும் நாம் இழுப்பதோ இரண்டு, மூன்று லிட்டர்! கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. நிறுத்தி இயல்பாக மூச்சுவிட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். மெதுவாக என்பதுதான் சரியான சொல், ஆழமாக என்பதல்ல.

'ரத்தத்தில் ஆக்சிஜன் பெருகும்' என்று சொல்லிக் கட்டணம் வாங்குவோரை நம்பாதீர்கள். நலமான ஒருவரின் ரத்தம், தான் சுமக்கக்கூடிய ஆக்சிஜனில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஏற்கெனவே சுமந்துகொண்டுதான் இருக்கிறது. மாத்திரையாக விற்க முடியாத ஒன்றை ஆராய எந்த நிறுவனமும் பெரிய பணம் போடாது. அரசுப் பணம்தான் வர வேண்டும், வராததில் எனக்கு வருத்தம் உண்டு.

வெடிப்புகையில் இதைச் செய்யாதீர்கள். கந்தகப் புகை மூச்சுக்குழாயைச் சுருக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கூடுதல் ஆபத்து. தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதித்துவரும் காலை 6-7, இரவு 7-8 மணியையும் அதற்குப் பிந்தைய நேரத்தையும் தவிர்த்து, எண்ணெய்க் குளியல் முடிந்த கையோடு சன்னலைச் சாத்திவிட்டு உட்காரலாம். படபடப்போடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் மூச்சை எண்ண வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

மணிக்கட்டுச் சோதனையில் வித்தியாசம் தெரியாதவர்களும் உண்டு. வயது ஏற ஏற அது குறையும். நெடுநாள் சர்க்கரை நோயில் வேகஸ் நரம்பே பழுதாகலாம். மருத்துவமனையில் இதற்கு வைக்கும் சோதனையும் நிமிடத்துக்கு ஆறு மூச்சுதான். ஈசிஜியில் இதய வேகத்தின் ஏற்ற இறக்கம் நிமிடத்துக்கு 15 துடிப்பு அல்லது அதற்கு மேல் என்றால் சரி, 10-க்கு மேல் போகவில்லை என்றால் நரம்பைக் கவனிக்க வேண்டும். பல ஆண்டுகளாகச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதைக் கேளுங்கள்.